ஐப்பசி மழையும் அகிற்புகையும்

சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு நாள் மாலை, ஆரியசாலையில் நமக்கு வேண்டிய குடும்பத்தார் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். மலையாளத்து அன்பர்கள் துலாவர்ஷம் என்று கூறும் மழை, பிற்பகலில் இடிமுழக்கத்தோடு தொடங்கி, விளக்கு வைக்கும் நேரம் வரையில் ஓயவில்லை. அவ்வீட்டுப் பேத்தி, மணமாகிக் கானடா தேசத்தில் டொராண்டோ நகரில் குடியிருப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். பேச்சு எங்கெங்கோ சுற்றி வாசனைப் பொருள்களில் வந்து நின்றது. இங்கிருந்து கொண்டுசென்ற மல்லிகை அத்தரும் சந்தன வில்லையும் அவ்வூர்க் குளிரில் மணப்பதே இல்லை என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள். பூசிக்கொண்டு வாயிற்படி இறங்குவதற்குள் மணம் போன இடம் தெரிவதில்லையாம்.

ஊஞ்சலில் சாய்ந்திருந்த ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏட்டி, அடைமழையிலே யாராவது சந்தனம் பூசுவாளா? அகில் புகை போட வேண்டாமா?" என்றார்.

"அகில் என்றால் என்ன ஆச்சி?" என்று பேத்தி கேட்டாள்.

அந்தக் கேள்வி நம்மைச் சற்றே உறுத்தியது. பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பித்த காலத்தில் அகில், ஆரம் என்று அடுக்கிச் சொன்ன நாமுங்கூட, அகிற்கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயின? ஆச்சி திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அப்பொழுது கொண்டுவந்த சீர்வரிசையில் பித்தளைத் தூபக்கால் ஒன்றும் இருந்தது. அதை எடுத்து வரச் சொல்லிப் பேத்தியின் மடியில் வைத்தார். கரிப்பிடித்த அந்தச் சிறு பாத்திரத்தைச் சுற்றித்தான் அன்றைய பேச்சு முழுவதும் நடந்தது. அதன் பின்னர் நாம் தேடிப் படித்தவையும், கேட்டு அறிந்தவையும், கடைத்தெருவில் ஏமாந்து கற்றவையும் இக்கட்டுரையில் உள்ளன.

ஆச்சி கூறியது வெறும் பழக்கத்தால் வந்த சொல் அன்று. மணப்பொருள் என்பது காற்றில் ஆவியாகிப் பறந்தால்தான் மூக்கை எட்டும். எலுமிச்சை, நாரத்தை முதலியவற்றின் மணம் மிக இலேசானது. விரைவில் எழுந்து விரைவில் போய்விடும். மலர்களின் மணம் அதற்கு அடுத்த நிலை. சந்தனம், தேவதாரு, வெட்டிவேர், அகில் ஆகிய மரங்களிலும் வேர்களிலும் உள்ள எண்ணெய்கள் கனமானவை. மெல்ல மெல்லவே ஆவியாகும். வெயில் காலத்தில் எல்லா மணமும் உடலின் சூட்டிலும் காற்றின் சூட்டிலும் தாராளமாக எழும். அதனால் இலேசான மணமே அப்பொழுது இதம். கனத்த மணம் தலையைக் கிறுகிறுக்கச் செய்யும். குளிரில் நிலைமை தலைகீழாகிறது. ஆவியாவது குறைகிறது, எழுந்த சிறு மலர் மணமும் நிலைப்பதில்லை. அப்பொழுது மரத்தின் மணமும் பிசினின் மணமும், அதிலும் சூட்டோடு சேர்ந்து வரும் மணமும், கம்பளியிலும் கூந்தலிலும் தங்கி நெடுநேரம் நிற்கின்றன. இக்காலத்து நறுமணத் தைலம் செய்வோரும் பனிக்காலத்துக்கென்று மரமணமும் பிசின் மணமும் மிகுந்த கலவைகளையே ஒதுக்கி வைக்கின்றனர்.

சந்தனத்தைப் பொறுத்தவரையில் ஒரு சொல் கூடுதலாகக் கூற வேண்டும். அதுவும் மரமணமே, மேல்நாட்டார் அதைக் கதகதப்பான மணம் என்றே சொல்லுகிறார்கள். ஆனால் நம் வீடுகளில் அதை நீர் விட்டு உரைத்துக் குழம்பாகப் பூசுகிறோம். ஈரம் உலர உலர உடல் குளிர்கிறது. ஆகவே நமக்குச் சந்தனம் சித்திரை வைகாசிக்கு உரிய பூச்சு. ஒரே மரத்தை எண்ணெயாக எடுத்துப் பூசினால் வெம்மை, கல்லில் உரைத்துப் பூசினால் தண்மை! கானடாவிலிருந்து வந்த பெண்ணுக்கு இந்த நுட்பத்தை யாரும் சொல்லவில்லை.

நம் முன்னோர் இதை எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று பத்துப்பாட்டிலேயே இருக்கிறது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை முழுவதுமே கூதிர்காலத்துப் பாட்டு. மழை விடாது பெய்கிறது. கதிரவனைக் காணாததால் பொழுது போனதே தெரியவில்லை. பெண்கள் தட்டில் இட்டு வைத்த பிச்சி அரும்புகள் மலர்வதைக் கண்டுதான் அந்தி வந்தது என்று உணர்ந்து விளக்கேற்றுகிறார்கள். அதன் பின்னர் புலவர் வீட்டுக்குள்ளே நம்மை அழைத்துச் சென்று, குளிரால் வேலையற்றுப்போன பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். வடநாட்டிலிருந்து வந்த வட்டமான சந்தனக்கல் பயனின்றிக் கிடக்கிறது. தென்மலைச் சந்தனமும் அதனோடு கிடக்கிறது. மாலை தொடுத்துச் சூடும் வழக்கத்தை மகளிர் விட்டுவிட்டார்கள். கூந்தலுக்குச் சில மலர்களே போதும் என்று நினைக்கிறார்கள். கோடையில் கையை விட்டு நீங்காத விசிறி மடக்கப்பட்டு முளையில் தொங்குகிறது. அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. குறுகிய வாயை உடைய கலத்துத் தண்ணீரை யாரும் பருகுவதில்லை. அகன்ற வாயை உடைய கணப்புச் சட்டியின் நெருப்பை நாடிச் செல்கிறார்கள்.

சந்தனம் ஒதுங்கிய இந்த இடத்தில்தான் அகில் வருகிறது. கூந்தலுக்கு மணமூட்ட, தகர மரத்து விறகில் நெருப்பு உண்டாக்கி, வயிரம் பாய்ந்த கரிய அகிலோடு வெள்ளிய அயிரையும் சேர்த்துப் புகைக்கிறார்கள். அயிர் என்பதற்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கண்டசருக்கரை என்று பொருள் கொண்டார். படிக்கும்போது இது நமக்கு விசித்திரமாகத் தோன்றியது. நெருப்பில் சருக்கரையை இடுவார்களா என்று எண்ணினோம். ஆச்சியிடம் கேட்டபொழுது, அவர் சிறிதும் வியப்படையவில்லை. "ஒரு சிட்டிகை சீனி போட்டால்தான் புகை முடியிலே ஒட்டும்" என்றார். அவர் நெடுநல்வாடையைப் படித்தவர் அல்லர். தம் தாயாரிடம் கற்றவர்.

நம் திருவனந்தபுரத்தாருக்கு இந்தப் பாட்டின்மேல் ஒரு தனி உரிமையும் உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் அச்சேற்றினார். அது வெளிவந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அதை ஆராய்ந்து ஆங்கிலத்தில் கட்டுரை வரைந்தவர், இந்நகரில் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளை. அவர் எடுத்து ஆராய்ந்த பாட்டுக்களுள் நெடுநல்வாடையும் ஒன்று. பேரூர்க்கடையில் அவர் வாழ்ந்த இல்லத்தின் வெளியே துலாமாதத்து மழை இரைந்துகொண்டிருக்க, உள்ளே அவர் இந்தப் பகுதியைப் படித்திருப்பார் என்று கற்பனை செய்வதில் நமக்கு ஓர் ஆனந்தம். கற்பனைதான், குற்றமில்லை.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிதாகிய இந்த ஊரில் குளிர்காலம் ஏது என்று டில்லியிலிருந்து வரும் உறவினர் நகைப்பர். உண்மைதான். நமக்குக் குளிர் என்பது ஈரம். துணி உலராமல் முடைநாற்றம் வீசுவதும், தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த பெண்கள் எத்தனை துவர்த்தினாலும் கூந்தல் காயாமல் இருப்பதும், பெட்டியில் வைத்த பட்டுச் சேலையில் பூஞ்சை பிடிப்பதும் இங்கே குளிர்காலத்தின் அடையாளங்கள். மார்கழித் திருவாதிரைக்கு விடியுமுன் குளத்தில் மூழ்கி எழும் மலையாளப் பெண்களைக் கேட்டால் தெரியும், இவ்வூரிலும் பல் கிட்டும் என்பது. இவ்வளவுக்கும் மருந்து உலர்ந்த சூடான புகை. கூந்தலும் காய்ந்தது, மணமும் ஏறியது, துணியின் முடையும் நீங்கியது. அழகுக்காக என்று மட்டும் தொடங்கிய வழக்கமாக இது நமக்குத் தோன்றவில்லை.

இனி, அகில் என்பது எது? இரண்டு மரங்கள் இப்பெயரைச் சுமக்கின்றன. ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. மலையாளத்தில் வெள்ளகில் என்பார்கள். தாவர நூலார் டைசாக்சிலம் மலபாரிக்கம் என்று பெயரிட்டனர். மழைக்காட்டில் நெடிதுயர்ந்து வளரும் இம்மரத்தின் கட்டைக்கு இனிய மணம் உண்டு. குறிஞ்சி நிலத்துக் கானவர் தினைப்புனத்துக்காகக் காட்டை எரிக்கும்பொழுது அகில் மணந்தது என்று புலவர்கள் பாடும்போது, இந்த மலைமரம் அவர்கள் நினைவில் இருந்திருக்கலாம். இப்பொழுது அதுவும் அருகிவிட்டது; குடகு நாட்டுத் தெய்வக்காடுகள் போன்ற இடங்களில் எஞ்சி நிற்கிறது.

மற்றொன்று கீழ்க்கடல் நாடுகளிலும் அஸ்ஸாமிலும் வளரும் மரம். காரகில் என்று புகழ்பெற்றது இதுவே. சேரர் குடியில் தோன்றிய இளங்கோவடிகள், சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், கிழக்கிலிருந்து மரக்கலங்களில் அகிலும் துகிலும் சந்தனமும் கருப்பூரமும் வந்து இறங்கிய செய்தியைக் கூறுகிறார். உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் அகிலின் வகைகளை அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என்று எண்ணிக் காட்டுகிறார். பெயர்களைக் கூர்ந்து பாருங்கள்: அருமணம், தக்கோலம், கடாரம் எனப் பெரும்பாலும் கடலுக்கு அப்பாலுள்ள ஊர்களே. பர்மியத் தேக்கு, சிங்கப்பூர்ச் சாமான் என்று பிற்காலத்தில் நாம் கூறியது போல, அக்காலத்து வணிகர் சரக்கை ஊர்ப்பெயரால் அழைத்திருக்கிறார்கள்.

சரக்கு இங்கே வந்தது. சொல் இங்கிருந்து போயிற்று. கடல்வழி கண்டு மலையாளக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர், தமிழிலும் மலையாளத்திலும் வழங்கிய அகில் என்ற சொல்லை ஆகுயிலா என்று தம் மொழியில் எடுத்துக்கொண்டனர். அவர்கள் மொழியில் கழுகுக்கும் அதுபோன்ற பெயரே. பிறகு வந்த ஐரோப்பியர் இரண்டையும் குழப்பிக் கழுகு மரம் என்றே மொழிபெயர்த்துவிட்டனர்! பிரெஞ்சுத் தாவர நூலாராகிய லாமார்க் 1783இல் இம்மரத்துக்கு அக்விலாரியா என்று லத்தீன் பெயர் சூட்டினார். கழுகுக்கும் இம்மரத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நம் சொல் ஒன்று வேற்று உடை உடுத்து உலகத் தாவர நூல்களில் எல்லாம் உலவுகிறது என்பதே உண்மை.

இம்மரத்தின் இயல்பு வியப்பானது. நோயற்ற அகில் மரத்தை வெட்டினால் உள்ளே வெளிறிய, மணமற்ற, விறகுக்குக்கூட உதவாத மென்கட்டையே கிடைக்கும். ஒரு வகைப் புழு மரத்தைத் துளைத்து உள்ளே செல்கிறது. அதன் வழியே பூஞ்சணம் பற்றுகிறது. தன்னைக் காத்துக்கொள்ள மரம் கரிய பிசின் ஒன்றைச் சுரந்து அந்த இடத்தைச் சூழ்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பிசின் ஊறிய பகுதி கனத்துக் கறுத்து மணம் பெறுகிறது. அதுதான் அகில். மிக உயர்ந்த கட்டை நீரில் இட்டால் மூழ்கிவிடும். சீனர் அதற்கு மூழ்கும் நறுமணம் என்றே பெயர் வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்து எந்த மரத்தில் அகில் இருக்கிறது என்று கூறுவது எளிதன்று. ஆகையால் காட்டில் புகுந்தவர்கள் இருக்கிற மரத்தையும் இல்லாத மரத்தையும் சேர்த்தே வெட்டித் தள்ளினார்கள்.

அதன் பலன் என்னவாயிற்று? அஸ்ஸாமிலும் மலேயாவிலும் வளரும் அகில் மரத்தை, அழியும் நிலையிலுள்ள உயிர்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையில் 1995இல் சேர்த்தார்கள். 2004இல் பாங்காக் நகரில் கூடிய மாநாடு அகில் இனம் முழுவதையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. அஸ்ஸாமில் ஜோர்ஹாட், கோலாகாட் பகுதிகளில் மக்கள் வீட்டுத் தோட்டத்திலேயே, நாம் தென்னை வைப்பது போல, அகில் வைத்து வளர்க்கிறார்கள். ஹோஜாய் என்ற ஊர் எண்ணெய் வடிப்பதில் பெயர் பெற்றது. கட்டையைச் சிறு சிறு துண்டுகளாக்கி, நாட்கணக்கில் நீரில் ஊறவைத்துப் பின்னர் செம்புக் கலங்களில் காய்ச்சி வடிக்கிறார்கள். கேரளத்திலும் கர்நாடகத்து மலைநாட்டிலும் சிலர் தோட்டமாக வளர்த்து, மரத்தில் துளையிட்டுப் பூஞ்சணத்தைச் செலுத்திப் பிசின் ஊறச் செய்யும் முயற்சியில் ஈடுபட்டுள்ளனர்.

ஆச்சியின் தூபக்காலில் இடுவதற்கு அகில் வேண்டுமே என்று மறுநாளே சாலைக் கடைத்தெருவுக்குச் சென்றோம். ராஜா கேசவதாசர் திவானாக இருந்த காலத்தில் அமைந்த அந்தக் கடைத்தெரு, இந்நகரத் தமிழர் பலருக்கு முதன்முதல் பிழைப்பளித்த இடம்; அதன் சந்து பொந்துகள் நமக்குத் தெரியும் என்ற அகந்தையோடு சென்றோம். ஒரு கடையில், அசல் அகில் என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். மைபோல் கறுப்பு, பொட்டலத்தைப் பிரிக்குமுன்பே மணம் ஆளைத் தூக்கிற்று. விலையும் அதற்குத் தக்கபடியே. வீட்டுக்குக் கொண்டுவந்து தணலில் இட்டதும் தலைவலி வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. ஆச்சி ஒரு துண்டை எடுத்து வெந்நீரில் போட்டார். நீர் கறுத்தது. "சாயம்" என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பச்சை மரத்துக்குச் சாயமேற்றிச் செயற்கைத் தைலத்தில் ஊறப்போட்ட துண்டுகளை நாம் அகில் என்று வாங்கி வந்திருந்தோம்.

இரண்டாம் முறை ஆச்சி கற்பித்த பாடத்தோடு சென்றோம். உண்மை அகில் முழுவதும் கறுப்பாக இராது. பழுப்பு நிற மரத்தில் கரிய வரிகள் ஓடும். கையில் வைத்து முகர்ந்தால் மணம் இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும் அளவே இருக்கும். சூடு பட்டதும் பிசின் கொப்புளித்துக் கசியும்; முதலில் இனிப்பாகவும், பின்னர் பழைய ஏட்டுச் சுவடி, ஈர மண், தேன் எல்லாம் சேர்ந்தாற்போன்றும் ஒரு மணம் எழும். மூலிகைச் சரக்கு விற்கும் பழைய அங்காடிக் கடை ஒன்றின் முதியவர், இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே சென்று ஒரு டப்பாவை எடுத்து வந்தார். முதல் தரம் என்று அவரும் கூறவில்லை. முதல் தரத்தின் விலை கிலோவுக்கு இலட்சக்கணக்கான ரூபாய் என்றும், அது வளைகுடா நாடுகளுக்கும் சீன தேசத்துக்கும் போய்விடுகிறது என்றும், நம் வீட்டுக்கு இந்தச் சிராய்த் தூள் போதும் என்றும் நேர்மையாகச் சொன்னார். பத்துக் கிராம் வாங்கினோம்.

அவரே மற்றொன்றையும் எடுத்துக் காட்டினார்: அஷ்டகந்தம். அகில், சந்தனம், குங்குலு, மாஞ்சி, குங்குமப்பூ, கொட்டம், ராமச்சம், இருவேலி என எட்டுச் சரக்குகளைச் சேர்த்துப் பொடித்தது. ராமச்சம் என்பது நம் வெட்டிவேர். கேரளத்தில் பூசைக்கும் வீட்டுக்கும் இதைப் புகைப்பது வழக்கம். தனி அகிலுக்குப் பொருள் போதாதவர்கள் இதை வாங்கலாம். மணம் சற்றே மருந்து வாடை கலந்தது, ஆனால் மழை நாளுக்கு மிக இதமானது. சாம்பிராணியை அகில் என்று எண்ணுபவர்களும் உண்டு. சாம்பிராணி முற்றிலும் வேறு மரத்தின் பால். அதுவும் கடல் கடந்து சுமத்திராவிலிருந்து வந்ததே.

வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பும் நம்மவர் பெட்டியில் ஊது என்று ஒரு சிறு குப்பி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பெயரைக் கேட்டு அது அராபியச் சரக்கு என்று நினைத்திருப்பீர்கள். ஊது என்பது அராபியர் அகிலுக்கு இட்ட பெயர். அங்குள்ள மகளிர் இன்றும் அகிலைத் தணலிலிட்டுக் கூந்தலுக்கும் உடைக்கும் புகையூட்டுகிறார்கள். சிலவற்றில் சருக்கரையும் சேர்த்துப் பிசைகிறார்கள். நெடுநல்வாடையின் மகளிர் செய்ததை நாம் மறந்தோம், அவர்கள் மறக்கவில்லை. ஜப்பானியரும் மறக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டில் முரசாகி சீமாட்டி எழுதிய கெஞ்சி கதையில், அரண்மனைப் பெண்கள் நறும்புகைக் கலவை செய்வதற்குப் போட்டியே நடக்கிறது. நாரா நகரத்துக் கருவூலத்தில் ரஞ்சதாய் என்ற பெயருடைய அகிற்கட்டை ஒன்று பல நூற்றாண்டுகளாகப் பாதுகாக்கப்படுகிறது. நீளம் 156 சென்டிமீட்டர், எடை 11.6 கிலோகிராம். அதிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டப் பெறுவதையே மன்னர்களும் படைத்தலைவர்களும் பெரும்பேறாகக் கருதினார்கள்.

ஐரோப்பாவின் கதை வேடிக்கையானது. மரமணம் ஆடவர்க்கு, மலர்மணம் பெண்டிர்க்கு என்று அங்கே நெடுங்காலம் பிரித்து வைத்திருந்தனர். 1926இல் பாரிஸில் ஷனேல் நிறுவனத்துக்காக எர்னஸ்ட் போ என்பவர், தீவுகளின் காடு என்று பொருள்படும் புவா தெஸ் ஈல் என்ற தைலத்தைச் செய்தார். அதன் உயிர்நாடி சந்தனம். பெண்களுக்கென்று செய்த முதல் மரமணத் தைலம் என்று அதைப் போற்றுவார்கள். 1992இல் ஜப்பானிய நிறுவனமாகிய ஷிசெய்டோ, தேவதாருவை நடுவே வைத்து, மரத்தின் பெண்மை என்று பொருள்படும் பெயரிலேயே ஒரு தைலத்தை வெளியிட்டது. அகில் மணம் மேல்நாட்டுக் கடைகளில் பெருவழக்காகப் புகுந்தது 2002க்குப் பின்னரே. மதுரை நகரத்துப் பெண்கள் இதையெல்லாம் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்!

குப்பியில் வாங்கத்தான் வசதி என்று கருதும் சகோதரிகளுக்கு ஒன்று கூறுவோம். குளிர் நாட்டுக்கு வாங்கும்பொழுது மூடியைத் திறந்தவுடன் எழும் மணத்தைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். அது கால் மணி நேரத்தில் போய்விடும். மணிக்கட்டில் ஒரு துளி இட்டுக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்து, வேறு வேலையெல்லாம் முடித்து, இரண்டு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். அப்பொழுது எஞ்சி நிற்கும் சந்தனமோ, தேவதாருவோ, அகிலோதான் நீங்கள் விலை கொடுத்து வாங்கும் பொருள். மைசூரில் அரசாங்கச் சந்தன எண்ணெய் ஆலை 1916இல் தொடங்கிய நாள் முதல் அந்த எண்ணெய்க்கு உலகெங்கும் மதிப்பு உண்டு. நம் கேரளத்தில் இடுக்கி மாவட்டத்து மறையூரில் சந்தனக்காடு இருக்கிறது. அங்கே வனத்துறையார் மரத்துக்கு மரம் காவல் காக்க வேண்டிய நிலை. கலப்படம் அகிலில் மட்டும் அன்று, சந்தனத்திலும் மிகுதி.

புகையூட்டும் முறையை ஆச்சி செய்து காட்டினார். சிரட்டைக் கரியைத் தணலாக்கி, மேலே சாம்பல் பூக்கும் வரையில் காத்திருந்தார். எரியும் தணலில் அகிலை இட்டால் கருகிப் புகைதான் வரும், மணம் வராது என்றார். சாம்பலின் மேல் ஒரு சிட்டிகை அகில், அதன்மேல் சீனி. மூங்கிற்கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பேத்தியின் ஈரக்கூந்தலை விரித்தார். பத்து நிமிஷமே. ஜன்னல்கள் திறந்திருந்தன. இதை நாம் வற்புறுத்திக் கூற வேண்டும்: மூடிய அறையில் எந்தப் புகையும் நன்றன்று. ஆஸ்துமா உள்ளவர்களும், கருவுற்றவர்களும், கைக்குழந்தைகளும் புகையிலிருந்து விலகியே இருத்தல் வேண்டும். குளிப்பாட்டிய பிள்ளையைத் தூபத்தின் மேல் காட்டுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கமாயினும், குழந்தை வைத்தியர்கள் அதைத் தடுக்கிறார்கள். நுரையீரலுக்கும் தீங்கு, தணல் பட்டுச் சுட்டுவிடும் அபாயமும் உண்டு. ஆச்சிக்கு இது சம்மதமில்லை. எனினும் கொள்ளுப்பேரனை அன்று அடுத்த அறைக்கு அனுப்பிவைத்தார்.

வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல விரும்புவோருக்கு: உலக உடன்படிக்கையின்படி ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்காக ஒரு கிலோ வரை அகிற் சிராய்களும் 24 மில்லிலிட்டர் வரை எண்ணெயும் தனி அனுமதியின்றிக் கொண்டுபோக விலக்கு அளித்திருக்கிறார்கள். ஆயினும் நாட்டுக்கு நாடு சுங்க விதிகள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம்; புறப்படுமுன் கேட்டுக்கொள்வது நலம். கடை ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் ஊருக்குத் திரும்பிய மூன்றாம் வாரத்தில் ஆச்சியோடு தொலைபேசியில் பேசினாள். நாமும் அருகில் இருந்தோம். அங்கே முதல் பனி விழுந்த நாளில், அடுக்குமாடி வீட்டில் ஆசையோடு அகில் இட்டாளாம். கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறி, பக்கத்து வீட்டாரெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்களாம். ஆச்சிக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. பிறகு தம் அலமாரியிலிருந்து சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை ஒன்றை எடுத்துவரச் சொன்னார். மூங்கிற்கூடையின் மேல் அதை விரித்து, மூன்று நாள் மாலையும் அகில் காட்டினார். நான்காம் நாள் மடித்துக் காகிதத்தில் சுற்றி, தபாலில் சேர்த்துவிடும்படி நம்மிடம் கொடுத்தார். காகிதத்தையும் மீறி, தபாலாபீசு வரையில் மணந்துகொண்டே வந்தது.